கொட்ட மறந்த ஜாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் வேலையில் செமத்தியாகத் திட்டு வாங்கினேன். பயப்படாதே, வேலை போகவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில், இந்த ஊர் ஏரியின் அடிச்சேற்றை ஜாடிகளில் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சோதித்து முடித்ததும் கொட்டிவிட வேண்டும். நான் ஒரு ஜாடியை ஜன்னலோரம் வைத்து மறந்தே போனேன்.

"கொட்டச் சொல்லி பத்து நாளாச்சு, இன்னும் என்ன பண்றே?" என்று கத்திய என் மேலதிகாரி, ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். உள்ளே கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

சாயக்கழிவு கலந்து அந்த ஏரி செத்து முப்பது வருடம். அதற்கு முன் இந்தப் பூச்சி இனம் இட்ட முட்டைகள் கெட்டி ஓட்டுக்குள் அத்தனை காலமும் சேற்றில் கிடந்திருக்கின்றன. நல்ல தண்ணீரும் வெளிச்சமும் கிடைத்ததும் பொரிந்துவிட்டன. ஏரியும் இப்போது தெளிந்து வருகிறது, அங்கேயும் பொரியுமாம்.

என் அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் செய். நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து என்னோடு பேசாத அப்பாவிடம் நீ எதுவும் சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவர் உட்காரும் ஜன்னலோரம், மறந்தாற்போல் வைத்துவிடு.

உன் மகள்