பதினோராவது நிமிடத்துக்குப் பிறகு

என் செல்லத் தம்பி ஜெபராஜ்,

உன் ஆல்பம் முடிந்துவிட்டது. நேற்றுப் பகலில் உன் கூட்டாளி, தவில்காரன் முருகையா, லேப்டாப்போடு இலஞ்சி வீட்டுக்கு வந்தான். "யக்கா, ஆறு பாட்டு சரியா வந்திருக்கு. ஏழாவத மட்டும் நீங்க கேக்கணும்" என்றான். நம் மாடியறையில் நீ தனியாக ட்ரம்பெட் ஊதிப் பதிவு செய்தது. உன் கடைசி நாள் அது.

கல்யாண பேண்ட் செட்டில் நீ வாசித்ததெல்லாம் எனக்குப் புரிந்தது. பிறகு மெட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்படாத ஃப்ரீ ஜாஸ் என்றாய். ட்ரம்பெட் பிளிறும், அழும், சில நேரம் வெறும் மூச்சு மட்டும் இரையும். "என்னலே இது, கழுத்த நெரிக்குத மாதிரில்லா இருக்கு?" என்று கேட்டேன். "ஜெபம் பண்ணுதேன்க்கா" என்று சிரித்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இளைப்பு நோய், ஆஸ்துமா. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் ஊதாதே என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்?

அன்றைக்கும் சாரல். நான் கீழே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து சித்தி போனில் பேசினாள். மேலே உன் ட்ரம்பெட் கத்தியது, நின்றது, பிறகு இரைந்தது. "தம்பி வாசிக்கான் சித்தி, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி மாடிக்கதவைச் சாத்தினேன். நான்தான் சாத்தினேன். சோறு வடித்துவிட்டு உன்னைக் கூப்பிட வந்தபோது நீ தரையில் கிடந்தாய்.

நேற்று அதைக் கேட்டேன். பதினோராவது நிமிடம் வரை வாசிக்கிறாய். அதன் பிறகு வருகிற மூச்சு வாசிப்பா, இளைப்பா? கதவு சாத்துகிற சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு சின்ன ஊதல்கள். அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டாயா, தம்பி?

அது வாசிப்பா, இளைப்பா என்று முருகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பத்து வருசம் அவன்கூட வாசிச்சேன். எனக்கே தெரியலக்கா" என்றான். பிறகு, "கதவுக்கு முன்னாலயே வெட்டிருவோம். ஊருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றான்.

"வெட்டாத. யாரு சாத்துனதுன்னு கேட்டா எம்பேரச் சொல்லு" என்றேன். அவன் வாசலுக்குப் போய் நின்று அழுதான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

இன்று காலையிலிருந்து அந்தக் கடைசிப் பகுதியையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுந்து மாடிக்கு ஓடுகிறேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன். அது வாசிப்புதான் என்று யார் ஆறுதல் சொன்னாலும் தலையாட்ட மாட்டேன். நீ கூப்பிட்டாய். இருக்கிற காலம் வரைக்கும் நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ கூப்பிட்டும் வராத
உன் ரூத் அக்கா