எழுத்துச் சட்டையோடு குடிக்காதே

நேற்றுப் பின்னேரம் மகளின் கால்பந்துச் சட்டையில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் கொடுத்துவிட்ட துணி எண்ணை முதுகுப் பக்கம் வைத்து, மேலே ஈரத்துணி விரித்து, இஸ்திரிப்பெட்டியை அழுத்தினேன். பசை உருகத் தொடங்கியதும் ஒரு மணம் வந்தது. பிளாஸ்டிக் சூடாவது போலவும் பால் அடிப்பிடிப்பது போலவும் ஒரு மணம். மகள் "அம்மா, கருகுது!" என்று பிரெஞ்சில் கத்தினாள். எனக்குக் காதில் விழவில்லை. நான் பல வருடங்களுக்கு முந்திய உன் அறையில் இருந்தேன்.

நீயும் நானும் தரையில் மண்டியிட்டு, இரண்டு நீல ஸ்வெட்ஷர்ட்டுகளின் நெஞ்சில் அந்த மூன்று எழுத்துகளை ஒட்டிய பின்னேரம் அது. நீ எனக்கு ஒரு வருடம் முன்னே சங்கத்தில் சேர்ந்தவள், ஆகவே நிபுணி. ஆனாலும் உன் கைபட்டு என் நடு எழுத்து கொஞ்சம் சரிந்துவிட்டது. என் முகம் கறுத்தது. நீ தூரப் போய் நின்று பார்த்துவிட்டு, "விடுடீ கௌரி, இவ்ளோ தூரத்துல இருந்து பார்த்தா கிரேக்கர்களுக்கே தெரியாது" என்றாய்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு அந்தச் சட்டையோடு போனதும், அம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"இதென்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"அது கிரேக்க எழுத்து, அம்மா. நான் சேர்ந்திருக்கிற சங்கத்தின்ரை பெயர். சொரோரிட்டி எண்டு சொல்லுறவை. கம்பஸில படிக்கிற பெட்டையள் சகோதரியள் மாதிரிச் சேர்ந்து இருக்கிறது."

"எங்கட எழுத்து இருநூற்று நாற்பத்தேழு கிடக்கு. அது காணாதெண்டே கிரேக்கத்துக்குப் போனனீ?"

அவரைச் சமாதானப்படுத்த என்ன சொல்லலாம் என்று யோசித்து, எங்கள் கட்டுப்பாடு ஒன்றைச் சொன்னேன். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தியும் மதுவைத் தொடக்கூடாது, கையில் கிளாஸ் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடக் கூடாது என்று. அம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப எந்த நேரமும் இதையே போட்டுக்கொண்டு திரி."

அன்றிலிருந்து அவர் அதைத் துவைத்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் காயப்போட்டு, காலையில் நான் புறப்படுமுன் கதிரையில் எடுத்து வைப்பார். மெற்றோவில் வைத்து இதை உனக்குச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "உங்கம்மாவ நம்ம கமிட்டில போடணும்டீ" என்றாய்.

கமிட்டி என்றால் நீதான். கட்டுப்பாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உன் கையில் இருந்தது. பதினெட்டு வயதில் குடிக்கலாம் என்கிற மாகாணத்தில், சட்டம் தடுக்காத ஒன்றை வெறும் மூன்று எழுத்துகள் தடுப்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளங்கவைப்பது லேசான வேலை இல்லை. நீ சுருக்கமாகச் சொல்வாய்: "அந்தச் சட்டைக்குள்ள அறுபது பேர் உட்கார்ந்திருக்கோம். அறுபது பேருக்கும் சேர்த்து நீ ஒருத்தி குடிக்க முடியாது."

உனக்குக் குடி பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. சிவப்பு வைன் என்றால் உனக்கு உயிர். வெயில் வந்த முதல் நாளே சென் லோறோன் தெருவில் நடைபாதை மேசை தேடி இழுத்துக்கொண்டு போவாய். அங்கே உட்காருமுன் ஒரு சடங்கு நடக்கும். ஸ்வெட்ஷர்ட்டைக் கழற்றுவாய். எழுத்து உள்ளே போகும்படி மடிப்பாய். சட்டைக் கைகளைப் பின்னால் மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுப்பாய். பிறகு மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, "இப்போ நான் வெறும் நான்தான். ஊத்து" என்பாய்.

ஒருமுறை நான் சட்டையைக் கழற்றச் சோம்பல்பட்டு, நீண்ட கிளாஸில் தோடம்பழச் சாறு வாங்கினேன். அதையும் என் கையிலிருந்து எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தாய்.

"ஜூஸடி!"

"ஜூஸ்னு உனக்குத் தெரியும். அதோ போற பஸ்ல உட்கார்ந்திருக்கறவனுக்குத் தெரியுமா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறாய் என்று நினைத்தேன். அந்த எண்ணம் மார்ச் மாத ஐரிஷ் ஊர்வலத்தன்று மாறியது.

அன்று நகர மையம் முழுவதும் பச்சைத் தொப்பிகள். காலையிலிருந்தே மாணவர்கள் குடிக்கத் தொடங்கிவிடும் நாள் என்பதால், யாரும் எழுத்துச் சட்டை போட்டு வரக்கூடாது என்று நீ முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தாய். ஆனால் லவாலில் இருந்து வந்த ஜூலிக்குச் சட்டை கிடைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஆசையில் போட்டு வந்துவிட்டாள். மேலே கோட்டுக்கூட இல்லை, எழுத்து மறைந்துவிடுமாம்.

மத்தியானம் நானும் நீயும் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் தொலைபேசி அடித்தது. பக்கத்துத் தெருவுக்கு ஓடினோம். பூட்டியிருந்த ஒரு கடை வாசலில், அரைகுறையாக உருகிய பனிச்சேற்றில் ஜூலி உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். ஜீன்ஸ் முழங்கால் வரை ஊறியிருந்தது. எங்கள் சகோதரிகள் இருவர் அவளுடைய ஸ்வெட்ஷர்ட்டை எப்படியோ கழற்றி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்திருந்தார்கள். உள்ளே மெல்லிய மேற்சட்டை மட்டும். அவள் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. இருவரில் ஒருத்தி உன்னைப் பார்த்ததும் நிம்மதியாக, "பயப்படாதே, யாரும் படம் எடுக்குமுன் எழுத்தைக் கழற்றிவிட்டோம்" என்றாள். நீ பாராட்டுவாய் என்று நினைத்திருப்பாள்.

நீ பையைப் பிடுங்கி, ஸ்வெட்ஷர்ட்டை எடுத்து உதறி, துவண்டு விழுந்த அவள் தலைவழியாகத் திரும்பவும் போட்டாய். எழுத்து முன்னால் பளிச்சென்று தெரிந்தது. பிறகு உன் கோட்டைக் கழற்றினாய்.

"அதால எழுத்தையாவது மூடிவிடு" என்றாள் மற்றவள்.

"அவள் கால் நனைஞ்சிருக்கு" என்றாய். கோட்டை அவளுடைய கால்களைச் சுற்றி இறுக்கிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து, அவளை உன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாய். என்னிடம் திரும்பி, "கௌரி, ஆம்புலன்ஸ கூப்பிடு" என்றாய்.

இதற்குள் சங்கத் தலைவி தொலைபேசியில் வந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வேண்டாம், டாக்சி பிடித்து விடுதிக்குக் கொண்டுபோங்கள், தெருவில் கூட்டம் சேரும் என்றாள். என் கை ஒரு கணம் தயங்கியது. நீ தமிழில் அதட்டினாய்: "தலைவி கிடக்கட்டும். நீ நம்பரை அடி!"

அடித்தேன். வந்தார்கள். அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது எழுத்துகள் தெருவுக்கே தெரிந்தன. எதிர்ப்பக்கத்தில் நின்ற யாரோ படமும் எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் அந்தத் தாதி சொன்னது உனக்கு நினைவிருக்கும். குடித்த உடம்பு சூட்டை வேகமாக விடும், அந்த மெல்லிய உடுப்போடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் கதை வேறு என்றார். நீ கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அடுத்த கிழமை உன்னை விசாரித்தார்கள். சங்கத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த அந்த மேல்மாடி வீட்டில், எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது. தலைவி கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினாள். "இந்தக் கட்டுப்பாட்டை எங்களுக்கெல்லாம் சொல்லித்தந்தவள் நீ. கழற்றிவிட்ட எழுத்தை நீயே எப்படித் திரும்பப் போட்டுவிட்டாய்?"

நீ கேட்டாய்: "எழுத்தைக் கழற்றிவிட்டால் அவள் யாருடைய சகோதரி?"

உன்னைத் தண்டிப்பதா என்று தலைவி வாக்குக் கேட்டாள். கைகள் உயர்ந்தன. உன் பொறுப்பு போயிற்று. அந்தப் பருவம் முடியும்வரை எழுத்து அணிய உனக்கு அனுமதி இல்லை என்று முடிவானது. நானும் வேறு சிலரும் கை உயர்த்தவில்லை, அது போதவில்லை. நீ போட்டிருந்த ஸ்வெட்ஷர்ட்டைக் கழற்றி, உன் வழக்கப்படி எழுத்து உள்ளே போக மடித்து, தலைவியின் மடியில் மெதுவாக வைத்தாய்.

வெளியே வளைந்த இரும்புப் படிகளில் இறங்கும்போது நான் அழுதுவிட்டேன். உன்னைவிட எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"இனி இந்தச் சங்கமும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். நான் விட்டிட்டு வாறன்."

"லூசு மாதிரி பேசாத. விதி சரிதான். நாளைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன்."

"அப்ப ஏனடி அண்டைக்கு அப்பிடிச் செய்தனீ?"

படியில் நின்று திரும்பிப் பார்த்தாய். "அது குடிக்கறவளுக்கான விதிடீ. மயங்கிக் கிடக்கறவளுக்கு இல்ல."

பிறகு உன் முகத்தில் அந்தக் குறும்பு வந்தது. "இன்னொண்ணு யோசிச்சியா? இந்த டேர்ம் முழுக்க எதையும் கழட்டாம, மடிக்காம, எப்ப வேணும்னாலும் வைன் குடிக்கலாம்!" அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. அன்று நேரே சென் லோறோனுக்குப் போனோம். அங்கே உன் கைகள் பழக்கத்தில் சட்டை விளிம்பைத் தேடின. இல்லை என்று தெரிந்ததும் அவற்றை மேசையில் ஊன்றிக்கொண்டாய். 

இலையுதிர் காலத்தில் அந்தப் பொறுப்புக்கு ஜூலி போட்டியிட்டாள். தெரிவானதும் முதல் வேலையாகக் கட்டுப்பாட்டில் ஒரு வரி சேர்த்தாள்: சகோதரி ஒருத்திக்கு உடம்பு முடியவில்லையென்றால் முதலில் உதவியைக் கூப்பிட வேண்டும், அவள் உடுப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. இந்த முறை எல்லாக் கைகளும் உயர்ந்தன. உன் ஸ்வெட்ஷர்ட்டை உனக்குத் திருப்பித் தந்தது அந்தப் பழைய தலைவிதான். தருமுன் அதை நன்றாகத் துவைத்திருந்தாள். நீ அவளைக் கட்டிப்பிடித்தாய். எனக்கு அவளை மன்னிக்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அதன்பின் நமக்குக் கிடைத்த வருடங்கள் நல்ல வருடங்கள். நீ துறைமுகத்தில் பொறியாளராகச் சேர்ந்து கொள்கலன்களோடு மல்லுக்கட்டினாய். என் மகள் பிறந்தபோது முதலில் வந்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் கதைத்தோம். நோய் வந்தபோதும் நீ அதைப் பற்றி அதிகம் பேச விடவில்லை. வேறு எவ்வளவோ பேச இருந்தது.

நீ போன பிறகு வந்த ஜூன் மாதத்தில், லவாலில் ஜூலி வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் கூடினோம். இப்போது யாரும் ஸ்வெட்ஷர்ட் போடுவதில்லை; இடது நெஞ்சில் சின்னதாக ஒரு ஊசிப் பதக்கம், அதில் அதே மூன்று எழுத்து. உன் அம்மாவும் வந்திருந்தார். ஜூலி உனக்குப் பிடித்த வைனைத் திறந்தாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அத்தனை பெண்களும் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பதக்கத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள்.

உன் அம்மா என் பக்கம் குனிந்தார். "ஏன் கௌரி எல்லாரும் கழட்டறாங்க?"

"எழுத்தோட குடிக்கக்கூடாது, அன்ரி. எங்களுக்கு உங்கட மகள் பழக்கினது."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ குடிப்பாய் என்று வீட்டில் சொன்னதே இல்லை அல்லவா? அவர் என் கலவரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியும்மா. பிரிட்ஜ்ல ஒரு பாட்டில் மேல வினிகர்னு எழுதி ஒட்டி வெச்சிருப்பா. அந்த வினிகர் மாசாமாசம் தீர்ந்துபோகும். நான் கேட்டதில்ல." கொஞ்சம் பொறுத்துக் கையை நீட்டினார். "எனக்கும் ஒரு வாய் குடு. எப்படித்தான் இருக்குன்னு பார்க்கறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. "கஷாயம் மாதிரி இருக்கு! இதுக்கா இவ்வளவு மரியாதை?" என்றார். நான் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது தோட்டமே சிரித்தது. உன் அம்மாதான் எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளாஸை ஜூலியிடம் கொடுத்து, "மீதிய நீ குடி, கண்ணு" என்றார். தமிழ் தெரியாத ஜூலி அது விளங்கியவளாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

நான் இப்போதெல்லாம் அதிகம் குடிப்பதில்லை. அலுவலக விருந்திலோ கலியாண வீட்டிலோ யாராவது கிளாஸை நீட்டினால், வாங்குமுன் என் கை தானாக இடது நெஞ்சைத் தடவிப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஒரு கணம் பொறுத்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், யாராவது முடியாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்களா என்று. எல்லோரும் நன்றாக இருந்தால் உன்னை நினைத்துக்கொண்டு குடிக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கௌரி