போத்தலில் என் கையொப்பம்

இன்று காலை, பாடசாலை ஆய்வுகூடத்தில் நாளைய செய்முறைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். குடுவையில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, நிறங்காட்டியான மெதைல் செம்மஞ்சள் இரண்டு துளி விட்டேன். தண்ணீர் மஞ்சளானது. அளவிக் குழாயைத் திறந்து அமிலத்தைச் சொட்டவிட்ட நேரம் உம்முடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். நீர் செத்து இருபது நாளாகிவிட்டதாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம்.

"தங்கச்சி, அவ வேலை செய்த காலத்தைப் பற்றி நீங்கள்தான் ஒரு பக்கம் எழுதித் தரவேணும். அவவின்ரை நேர்மையைப் பற்றி எழுதுங்கோ. உங்கடை எழுத்து வடிவு எண்டு எந்த நாளும் சொல்லுவா" என்றார்.

என் எழுத்து வடிவு. செத்த பிறகும் அதைச் சொல்லித்தான் என்னிடம் வேலை வாங்குகிறீர்.

யோசித்துச் சொல்வதாக அவரிடம் சொன்னேன். மலரில் போடமுடியாததை உமக்கே எழுதுகிறேன். செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொன்னதை யார் கேட்டார்கள்?

அந்தச் சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வருடம் ஒரே மேசையில் நின்றோம். கரவெட்டியிலிருந்தும் அளவெட்டியிலிருந்தும் சனம் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரும். எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் இலேசில் மசியாது. துளித்துளியாய் அமிலத்தை விட்டாலும் மஞ்சள் மாறாமல் நிற்கும். அதில் கரைந்திருக்கிற காரமெல்லாம் தீர்ந்த பிறகுதான், ஒரே துளியில் செம்மஞ்சளாகும். அதுவரை எவ்வளவு அமிலம் போனது என்பதுதான் எங்கள் கணக்கு. தண்ணீர் கொண்டுவருகிறவர்களுக்கு நீர் விளங்கப்படுத்துவீர்: "எங்கடை தண்ணி சும்மா தண்ணியில்லை அம்மா, அமிலத்தைக் குடிக்கிற தண்ணி."

பொய் சொல்லமாட்டேன், உம்முடைய கை நல்ல கை. கடைசித் துளியை முழுதாக விழவிடாமல், அளவியின் நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு அரைத் துளியாக எடுத்துக் கழுவி இறக்குவீர். உம்மைப் பார்த்துத்தான் நானும் பழகினேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சலாக இருக்கிறது.

அமிலக் கரைசலை நீர் கலப்பீர், லேபலை நான் எழுதுவேன். லேபல் எழுதுகிறவர் கையொப்பமும் இடவேண்டும் என்பது அங்கே சட்டம். "உம்மடை எழுத்து முத்து முத்தாயிருக்கு, நீரே எழுதும்" என்பீர். எனக்கும் பெருமை, புளுகம். நீர் கலந்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்கமாட்டேன். காலையிலேயே வெறும் போத்தல்களுக்கு லேபல் எழுதி, கையொப்பம் வைத்து, ஒட்டி அடுக்கிவிடுவேன். அது என்னுடைய மடைத்தனம். அதை உம் தலையில் கட்டமாட்டேன்.

சந்நிதி கோயில் தேருக்கு முதல் நாள், நான் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். மின்சாரம் நின்று, அமிலத்தில் கலக்கிற தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் ஓடவில்லை. அமிலப் போத்தல் அரைவாசிதான் நிரம்பியிருந்தது. உமக்குத் தொண்டைமானாற்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். குழாயைத் திறந்து, மிச்ச அரைவாசியைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போனீர். அமிலத்தைக் குடிக்கிற தண்ணீர் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நீர்! தெரியாமல் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

போத்தலுக்குள்ளேயே அமிலம் வலுவிழந்துவிட்டது. பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீருக்கும் வழமையைவிடக் கூட அமிலம் போனது, எல்லா அறிக்கையும் பிழையாகிப் போனது. கரவெட்டி விவசாயி ஒருவர் ஒரே கிணற்றுக்கு வேறுவேறாக வந்த இரண்டு அறிக்கைகளைக் கொண்டுவந்து மேசையில் அடித்தார். பொறுப்பாளர் அமிலத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போத்தலைத் திருப்பினார்.

"இது ஆரின்ரை கையெழுத்து?"

"என்ரைதான் சேர். ஆனா போத்தலை நான் நிரப்பேல்லை."

அவர் உம்மைப் பார்த்தார். நீர் உறிஞ்சு குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர். "எனக்குத் தெரியாது சேர்" என்றீர். முகத்தில் ஒரு நிறமும் மாறவில்லை. அந்தக் கிழமையே என்னை வேலையால் நிறுத்தினார்கள்.

ஒரு மாதம் கழித்து பஸ் நிலையத்தில் உம்மைக் கண்டேன். நான் கேட்கவேயில்லை, நீராகச் சொன்னீர்: "ஓம், நான்தான் குழாய்த் தண்ணியை விட்டனான். உமக்கு அண்ணைமார் கனடாவிலை இருக்கினம். எனக்கு ஆர் இருக்கினம்? நீர் சமாளிப்பீர்." என் பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டீர்.

அண்ணைமார் அனுப்பியது சோற்றுக்குக் காணும். 'அமிலத்தைப் பழுதாக்கினவ' என்ற பேரைத் துடைக்க அவர்களால் ஏலவில்லை. எந்த ஆய்வுகூடத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்தப் பேர் போய் நின்றது. நான்கு வருடம் மருந்துக்கடையில் பெட்டி அடுக்கினேன், பிறகுதான் இந்தப் பாடசாலை வேலை கிடைத்தது. உமக்குப் பதவி உயர்ந்தது. பிரியாவிடையில் உம்மைப் போல நேர்மையானவர் இல்லையென்று பேசினார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. ஒரே ஒரு தரம், அந்தப் பொறுப்பாளரிடம் மட்டும், "அது என்ரை பிழை" என்று சொல்லியிருக்கலாம். அவர் உம்மை மன்னித்து விட்டிருப்பார், உம் கை அவருக்கு வேண்டியிருந்தது. அதுவும் உமக்குத் தெரியும்.

பின்னேரம் உம்முடைய கணவர் திரும்ப அழைத்தார். அப்போது நான் நாளைக்கான அமிலத்தைக் கலந்து, கோடுவரை நிரப்பி, சரிபார்த்து முடித்திருந்தேன். லேபல் இன்னும் எழுதப்படாமல் என் சட்டைப்பையில் இருந்தது. உம்மால் வந்த பழக்கம் அது, இனி விடாது.

"என்ன தங்கச்சி, எழுதிப்போட்டீங்களோ?"

"இல்லை அண்ணை. நான் எழுதமாட்டன்."

"ஏன் பிள்ளை? ரண்டு வரி போதுமே."

"நான் நிரப்பாத போத்தலிலை நான் பேர் எழுதிறேல்லை."

பாவம், நல்ல மனிதர். "எனக்கு விளங்கேல்லை பிள்ளை" என்றார்.

"அவவுக்கு விளங்கும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு லேபலை எடுத்து எழுதி, கையொப்பமிட்டு, என் போத்தலில் ஒட்டினேன்.