கணவாய் மையில் ஒற்றிய விளைமீன்

மாமி,

இன்று காலை கணவாய் கழுவும்போது மைப்பை உடைந்து கையெல்லாம் கறுப்பாகிவிட்டது. "ஐயோ, அடுப்படிக் கவுண்டரைத் துடையுங்கோப்பா!" என்று உங்கள் மகள் கத்தினாள். நான் விரலை மூக்கருகே பிடித்தபடி நின்றேன். அந்த உப்பு வாடை வந்தால் நீங்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. நீங்கள் கண்மூடி இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது.

உங்களுக்கு என்னைப் பிடிக்காது என்பது ஊரறிந்த சங்கதி. நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெண்ணா என்று, எங்கள் கலியாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நீங்கள் வரவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி வீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்றீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவர்தான் உங்கள் இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு நீங்களும் எங்களோடு வந்து, மோர்னிங்சைட்டில் ஒரே வீட்டில் எட்டு வருடம். நான் முன்னால் இருக்கும்போதே, "அவரைக் கேள் பிள்ளை, சோறு போடட்டோ எண்டு" என்று மகளிடம்தான் சொல்வீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாட்களில்தான் நூலகத்தில் நடந்த வகுப்பொன்றுக்கு மீன் அச்சுப் பழகப் போனேன். யப்பானில் மீனவர்கள் தாங்கள் பிடித்த மீனின் அளவைக் காட்ட, மீனிலேயே மை பூசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுப்பார்களாம். பிடித்தவர் பெயரும், கண்ட சாட்சியின் பெயரும் பக்கத்தில் எழுதுவதுண்டாம். கேட்டதும் கை துறுதுறுத்தது. நேரே மீன் கடைக்குப் போனேன்.

"கறிக்கோ, பொரியலுக்கோ அண்ணை?"

"ரெண்டுக்குமில்லை. செதிலும் எடுக்க வேண்டாம்."

கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

அந்த முதல் மீன், கடையில் வாங்கிய மை பூசியதால் குப்பைக்குப் போனது. அன்று நீங்கள் மகளிடம் சொன்னவை இங்கே எழுதத்தக்கவை அல்ல. அடுத்த சனிக்கிழமை இன்னொரு விளைமீனோடு வந்தேன். மகள் வேலைக்குப் போய்விட்டாள், தூது போக ஆளில்லை. நீங்கள் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கணவாய்க்குள்ளயும் மை இருக்கு. அதைப் பூசினா மீனைக் கழுவிக் கறி வைக்கலாம்."

ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. நான்தான், "அது தாளில பிடிக்குமோ மாமி?" என்றேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "எனக்கென்னண்டு தெரியும்? பூசிப் பாப்பம்."

கறிக்கு வைத்திருந்த கணவாயின் மைப்பையை நீங்களே பிரித்துக் கோப்பையில் விட்டீர்கள். "செட்டையை விரிச்சுப் பிடியுங்கோ" என்று என்னை ஏவினீர்கள். மை பூசி ஒற்றித் தாளை உரித்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தீர்கள்.

"அட, செதில் செதிலா விழுந்திருக்கு! இவ்வளவு காலமும் இதையெல்லோ நான் சுரண்டி எறிஞ்சனான்!"

பிறகு விடவேயில்லை. திருக்கையின் அடிப்பக்கம் எப்படி விழும்? கணவாயை அதன் மையிலேயே ஒற்றினால்? ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கணவாயை மட்டும் நாங்கள் செய்து பார்க்கவில்லை. இன்று மதியம் செய்தேன் மாமி. உடம்பு வெறும் நிழல்போல, கால்களில் மட்டும் புள்ளி புள்ளியாக விழுகிறது.

அன்று பிடித்தவர் பெயருக்கு நேரே "கடையில் வாங்கியவர்" என்று என் பெயரை எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தத் துணிவில் "சாட்சி" என்று எழுதிப் பேனையை நீட்டினேன். மாட்டேன் என்பீர்களோ என்று உங்கள் கையையே பார்த்தேன். நீங்கள் பேனையை வாங்கவில்லை. பிரஷைக் கணவாய் மையில் தோய்த்து உங்கள் பெயரை எழுதினீர்கள். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே "பெண்ணின் தாய்" என்று எழுதினீர்கள்.

"காய முந்தித் தொடாதேங்கோ" என்றுவிட்டு மீனைக் கழுவப் போனீர்கள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மை இப்போது மண்ணிறமாகிவிட்டது. கலியாணப் பதிவுத் தாளை எங்கே வைத்தோம் என்று எனக்கும் உங்கள் மகளுக்கும் ஞாபகமில்லை. யாராவது அத்தாட்சி கேட்டால் சுவரிலிருக்கும் மீனைத்தான் காட்டுவேன்.