செல்கள் பசியோடு இருந்த நாள்

அன்புத் தோழிக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

பச்சை வந்துவிட்டதடி! செல்கள் நாம் கொடுத்த, ஒளிர வைக்கும் ஜீனை வாங்கிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தன. நீ காட்டிய படம் நிஜம்.

உன் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர் நம் ஆய்வகத்தை நடத்தும் பெரியவர். ஒரு செல்கூட ஒளிரவில்லை. அதை வைத்துத்தான் எல்லார் முன்னாலும், "இந்தப் படம் எங்கேருந்து வந்துச்சு?" என்று உன்னைக் கேட்டார். நீயும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனாய்.

அவர் எப்படிச் செய்தார் என்று நாம் யாரும் கேட்கவே இல்லை. அவரைத்தான் தெரியுமே, மனிதர்களிடம் எரிந்து விழுவார், செல்களைக் குழந்தை மாதிரி பார்ப்பார். ஜீன் உள்ளே போவதற்காக, மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வாயுவான பிளாஸ்மாவைக் காட்டும் நேரத்தில் அவை பசியில் வாடக் கூடாதாம்! ஊட்டத் திரவத்தைக் கொட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார். நீயோ உப்பு நீரால் நன்றாக அலசிவிட்டுத்தான் தொடங்குவாய். இதைக்கூடவா எழுத வேண்டும் என்று செய்முறையில் எழுதாமல் விட்டாய், மகராசி.

போன வாரம் நானே ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். ஊட்டத் திரவம் தீரும் நிலையில் இருந்தது. மிச்சத்தைப் பிறகு செல்களுக்குக் கொடுக்க வேண்டுமே என்று, பிளாஸ்மா காட்டும்போது வெறும் உப்பு நீரில் வைத்தேன். மறுநாள் ஒரே பச்சை. புதுப் பாட்டில் வந்ததும் ஊட்டத் திரவத்தோடு செய்தேன், இருட்டு. அதிலிருக்கும் பைருவேட் என்ற ஊட்டப்பொருள், பிளாஸ்மா உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை விழுங்கிவிடுகிறது.

நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாயே, மின்சாரம் மட்டும் போதாது, பிளாஸ்மாவிலிருந்து நீரில் இறங்கும் பெராக்சைடு போன்ற துடுக்கான பொருள்கள் செல்லைச் சீண்டினால்தான் அது ஜீனை உள்ளே விடும் என்று. யார் காதில் வாங்கினோம்? உப்பு நீரிலேயே பெராக்சைடைச் சிதைக்கும் நொதியைக் கலந்தும் பார்த்தேன். பச்சை வெகுவாகக் குறைந்துபோனது. நீ சொன்னதுதான் சரி.

பெரியவரிடம் காட்டினேன். தட்டைத் தானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். "பாவம்னு சோறு போட்டது நான். பழி அவ மேல விழுந்துடுச்சே" என்றார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது என்று அவர் வாயாலேயே சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வருமாம். உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார். வெளியே எல்லாம் கேட்கிறது.

உன் கோட்டைத் துவைத்து மாட்டியிருக்கிறேன். உன் ஸ்டூலில் இன்றுவரை யாரையும் உட்கார விடவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். என்னைத் திட்டுவதற்காவது எடுடி.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரி