வால் விட்ட முடிச்சு

தடுப்பு மையம், ஃப்ளோரிடா
11 பிப்ரவரி 2021

அன்புள்ள மிஸ் லோர்னா,

நலமாக இருக்கிறேன். இப்படி எழுதாவிட்டால் நீங்கள் தூங்க மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஏவன் பார்க் ஊரில் ஆரஞ்சுக் கன்றுகளை மூடும் வலைப்பை முந்நூறு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸார் நிறுத்தினார்கள். என்னிடம் உரிமமும் இல்லை, இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற தாளும் இல்லை. வண்டியோ காலமான உங்கள் கணவர் மிஸ்டர் டாக்கெட் பெயரில். "செத்தவன் வண்டிய உனக்கு யாருடா குடுத்தா?" என்றான் ஒரு போலீஸ்காரன். உங்கள் பெயரைச் சொன்னேன். அனுமதியில்லாமல் எடுத்த வண்டி என்று எழுதிக்கொண்டான்.

மார்ச் 19 பிணை விசாரணை. நீங்கள் இரண்டு விஷயம் எழுதினால் போதும் என்கிறார் வக்கீல் அம்மா. ஒன்பது வருடம் உங்கள் தோப்பில் வேலை செய்தேன். அன்று காலை சாவியை நீங்கள்தான் கொடுத்தீர்கள். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை என்றார்.

கிழக்குப் பக்கம் கடைசி வரிசைகளில் கன்றுகள் மூடாமல் நிற்கின்றன. கொழுந்து வருமுன் பை போட்டுவிடுங்கள். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மனைவி சாயோவையும் குழந்தை இட்ஸெலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெரேயோ

•

டாக்கெட் தோப்பு
20 பிப்ரவரி 2021

என் அன்பு நெரேயோ,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சாயோ செய்த தமாலேயை எடுத்துக்கொண்டு அங்கே வந்தேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காருக்குள் உட்கார்ந்து நானே தின்று, நானே அழுதேன். ஞாயிற்றுக்கிழமை சாயோவும் இட்ஸெலும் என் மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். இட்ஸெல் என் நாய்க்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கிறாள். அது இப்போது நான் கூப்பிட்டால் வருவதில்லை.

புதுப் பைகள் வந்துவிட்டன. ஒப்பந்தக்காரர் நான்கு ஆள் அனுப்பினார். ஒரே நாளில் முந்நூறு கன்றையும் மூடிவிட்டார்கள். பார்க்க எவ்வளவு நிம்மதி! பழைய மரமெல்லாம் அந்தப் பூச்சி பரப்பிய நோயில் மஞ்சளடித்து, பழம் பச்சையாகவே உதிர்ந்து கிடக்கிறது. இந்தக் கன்றுகளும் போனால் எனக்கு வேறு வாழ்க்கை இல்லை, உனக்குத் தெரியும்.

கடிதம் கண்டிப்பாக எழுதுவேன். என் வக்கீல் ஹார்லன்தான் அவசரப்படாதே என்கிறார். "உரிமம் இல்லாதவன் கையில சாவி குடுத்தேன்னு நீயே எழுதிக் குடுப்பியா லோர்னா? தோப்ப மறந்துட வேண்டியதுதான்" என்கிறார். கொஞ்சம் பொறு.

உன் லோர்னா டாக்கெட்

•

தடுப்பு மையம்
28 பிப்ரவரி 2021

அன்புள்ள மிஸ் லோர்னா,

ஒரே நாளில் முந்நூறா? நான்கு பேரா? அவர்கள் இலையைத் திருப்பியிருக்க மாட்டார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், பைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் நானும் திருப்ப மாட்டேன்.

ஒரு பூச்சி உள்ளே மாட்டினால் பை போடாமலே இருந்திருக்கலாம். வெளியே என்றால் அதைத் தின்ன வண்டு உண்டு, சிலந்தி உண்டு. உள்ளே அதற்கு எதிரியே கிடையாது. பைக்குள் முழுக்க அதன் குடும்பம்தான். கொழுந்தில் வெள்ளையாக மெழுகு நூல் தொங்குகிறதா பாருங்கள். முன்பே நான் கட்டிய வரிசைகளை அடையாளம் காணலாம். நான் இரண்டு சுற்று சுற்றி, கயிற்றில் ஒரு விரல் நீளம் வால் விட்டுத்தான் முடிப்பேன்.

இங்கே எண்பது பேர் ஒரே அறையில். தக்காளி பறித்தவன், ஆரஞ்சு பறித்தவன், கூரை போட்டவன். காலையில் டப்பா ஆரஞ்சுச் சாறு தருகிறார்கள். "டேய் நெரேயோ, உன் தோப்புச் சரக்கா பாத்துச் சொல்லு" என்று கிண்டல் செய்கிறார்கள். எங்களுக்கும் ஜன்னலில் வலை இருக்கிறது.

ஹார்லன் வக்கீலிடம் ஒன்று கேளுங்கள். ஒன்பது வருடம் தாள் இல்லாத கை வேண்டியிருந்தது. அந்தக் கையைப் பற்றி ஒரு தாள் எழுத மட்டும் வக்கீல் வேண்டுமா?

பத்தொன்பதாம் தேதி, மறக்க வேண்டாம்.

நெரேயோ

•

டாக்கெட் தோப்பு
10 மார்ச் 2021

என் அன்பு நெரேயோ,

நீ சொன்னது சரி. கிழக்குப் பக்கம் அத்தனை பையையும் திறந்தோம். பதினேழு கன்றில் வெள்ளை நூல். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பைதான் போட்டாச்சே மேடம், பூச்சி உள்ள எப்படி வரும்?" என்றான். "நீ உள்ள வச்சுத்தானே கட்டியிருக்க!" என்று கத்தினேன். பதினேழையும் பிடுங்கி எரித்தோம். மற்றதுக்கு மருந்தடித்து, நானும் சாயோவும் இலை இலையாகப் பார்த்துத் திரும்ப மூடினோம். சாயோதான் கட்டினாள். உன் வரிசையில் சாயோ நாற்பது பை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு பூச்சி இல்லை.

நீதிபதிக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். நேர்மையானவன், குடிக்காதவன், ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, என் மகன் போல என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஹார்லன் ஒரு முறை சரிபார்த்தார். தைரியமாக இரு.

உன் லோர்னா

•

தடுப்பு மையம்
20 மார்ச் 2021

மிஸ் லோர்னா,

நேற்று உங்கள் கடிதத்தை நீதிபதி படித்தார். இரண்டு பக்கமும் அழகாக இருந்தன. படித்து முடித்துவிட்டு, "இந்த அம்மா வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டார். வக்கீல் அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

பிணை இல்லை. வழக்கு நடத்தினால் ஒரு வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். நானே என் நாட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாயோவும் குழந்தையும் பின்னால் வருவார்கள்.

மகன் போல என்று எழுதியிருந்தீர்கள். மகனாக இருந்தால் அந்த வரியையும் எழுதியிருப்பீர்கள்.

நெரேயோ

•

டாக்கெட் தோப்பு
3 மே 2022

என் அன்பு நெரேயோ,

இது ஐந்தாவது கடிதம். மற்ற நான்கும் உன் கைக்கு வந்தனவா, தெரியவில்லை. இட்ஸெல் பள்ளிக்குப் போகிறாளா? நாய் அவள் வருகிறாள் என்று இன்னும் நீங்கள் குடியிருந்த டிரெய்லர் வாசலில்தான் படுக்கிறது.

உன் வரிசைகளுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. மரம் பையை முட்டிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் ஒன்றைத் திறந்தோம். கரும்பச்சை இலை, ஒரு மஞ்சள் இல்லை. பத்து வருடமாக இப்படி ஒரு மரம் நான் பார்க்கவில்லை. ஆனால் உன் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் கத்தியால் வெட்டினோம். பை கிழிந்துவிட்டது. அடுத்த கன்றுகளுக்கு அதே பைதான் வேண்டும்.

இன்னொன்று. அன்று காலை நீ, "பின்விளக்கு எரியல மிஸ் லோர்னா, நாளைக்குப் போறேன்" என்றாய். "இருவது நிமிஷம், என்ன ஆயிடப் போகுது, போயிட்டு வா" என்று சொல்லி நான்தான் சாவியை உன் கையில் வைத்தேன். நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் இந்த வரி இருந்தது. ஹார்லன் அதைக் கோடு போட்டு அடித்தார். அடிக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அது இல்லாமல் நானே நகல் எழுதினேன்.

என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

லோர்னா

•

ஆலமோ, வெராக்ரூஸ்
29 மே 2022

மிஸ் லோர்னா,

ஐந்தும் வந்தன.

சாவியை யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு எழுத வேண்டியதில்லை. தெரியாதவர் நீதிபதி ஒருவர்தான்.

இட்ஸெல் பள்ளிக்குப் போகிறாள். நான் இங்கே ஒரு ஆரஞ்சுத் தோப்பில் வேலை செய்கிறேன். இங்கேயும் அந்தப் பூச்சி வந்துவிட்டது. பை வாங்க யாரிடமும் காசில்லை.

முடிச்சை வெட்டாதீர்கள். அதற்காகத்தான் வால் விட்டிருக்கிறேன். வாலைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள், தானாக அவிழும். ஒரு நாளாவது குனிந்து கட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பை கிழியாமல் வரும்.

நெரேயோ