ஜுபைதா வீட்டுச் சோறு

26.2.98, வியாழன்

பாதி இட்லி. மோரில் கரைத்து, டீஸ்பூனால் எடுத்து எடுத்து, முக்கால் மணி நேரம். நடுவில் பால்காரர் வந்து போனார், குழாயில் தண்ணீர் வந்து நின்றும் போனது, இவர் ஃபாக்டரிக்குக் கிளம்பியே போய்விட்டார். நான் இன்னும் அந்தப் பாதி இட்லியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆறு இட்லியை அடுப்படியில் நின்றுகொண்டே முடித்தவள் நான்!

வயிற்றைக் கிளிப் போட்டுச் சின்னதாக்கி ஆறு வாரம் ஆகிறது. இப்போது என் வயிறு கோழி முட்டை அளவுதானாம். அதற்குள் போவதுதான் சாப்பாடு, மிச்சம் வந்த வழியே திரும்பி வந்துவிடும். முட்டி தேய்கிறது, சுகர் ஏறுகிறது, இப்படியே விட்டால் ஐம்பதைப் பார்க்க மாட்டீர்கள் என்று டாக்டர் பயமுறுத்தியதில் சரி என்று தலையாட்டினேன். சிட்டியில் பெரிய ஆஸ்பத்திரி. இங்கே க்வார்ட்டர்ஸில் ஒருத்தருக்கும் தெரியாது. பித்தப்பையில் கல், எடுத்தாச்சு என்று சொல்லி வைத்திருக்கிறோம். தின்று தின்று பெருத்துவிட்டு அதற்கு ஓர் ஆபரேஷனா என்று குழாயடியில் சிரித்து மாளாது.

ஜுபைதாவுக்கும் தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

3.3.98, செவ்வாய்

ஏன் அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று எனக்கே நான் எழுதிப் பார்க்கிறேன்.

பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரர் கலீல் பாயும் இவரும் ஒரே செக்‌ஷன். ஆவடிக்குப் புதிதாக வந்து, பாஷை தெரிந்தும் பேச ஆளில்லாமல் நான் அழுதுகொண்டிருந்தபோது, கதவைத் தட்டி ஒரு கிண்ணம் தால்ச்சாக் குழம்பை நீட்டியவள். அன்றைக்கு ஆரம்பித்தது, பதினாலு வருஷம். எங்கள் வீட்டில் நான் சாப்பிட்டதைவிட அவள் வீட்டில் சாப்பிட்டதுதான் அதிகம் என்று இவர் சொல்வார். பொய்யில்லை. நான் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "தின்னாத்தான்டி ஒடம்புல தெம்பு நிக்கும்" என்று இன்னொரு கரண்டி வைப்பாள்.

அவளிடம் போய், நான் தின்ற சோற்றை அறுத்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தன் சோறுதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்க மாட்டாளா?

சரி, அப்படி நினைத்தால் அது முழுப்பொய்யா? இதை எழுதவே கை கூசுகிறது.

19.3.98, வியாழன்

குழாயடியில் ஜுபைதா முகமே சரியில்லை. கோயம்புத்தூரில் குண்டு வெடித்ததிலிருந்து க்வார்ட்டர்ஸ் லைனில் ஒரு மாதிரி இருக்கிறதாம். அவள் வந்தால் பேச்சு நின்றுபோகிறதாம். "நேத்து வரிக்கும் ஊட்ல வந்து உப்பு கடன் வாங்கினு போனவ, இன்னிக்கு மூஞ்ச திருப்பிகினு போறா லோகா." நான் சும்மா சிரித்து, "உனக்குத்தான் அப்படித் தோணுது" என்றேன். அவளும் சிரித்தாள். "நீ கீறே, அது போதும் எனக்கு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

என் குடத்தையும் அவள்தான் தூக்கி வந்து வைத்தாள். ஆபரேஷன் உடம்பாம்.

8.4.98, புதன்

பக்ரீத்.

எழுதிவிட்டுத் தூங்கலாம். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மத்தியானம் ஜுபைதாவே வந்தாள். கையில் மூடி போட்ட அடுக்கு. வாசலில் இருந்தே வாசனை. வாய் ஊறியது, கூடவே பயமும் வந்தது. போன வாரம் இவருக்குச் செய்த குழம்பிலிருந்து ஒரே ஒரு துண்டு கறியை மென்று பார்த்தேன். நெஞ்சில் சிக்கி, கண்ணில் தண்ணீர் வந்து, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம். அரிசிச் சோறும் அப்படித்தான், உருண்டு அடைத்துக்கொள்கிறது. அவள் எதிரில் அப்படி நடந்தால்?

எண்ணெய் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். விடுவாளா? "எங்க நாத்தனாருக்கும்தான் பித்தப்பய எடுத்தாங்கோ. மூணே மாசத்துல குர்மா தொட்டுகினு பரோட்டா துன்னுச்சு. வாய தொற."

கரண்டியை எடுத்தே விட்டாள்.

அப்போது வாயில் வந்தது அந்தப் பொய். "வேண்டுதல் ஜுபைதா. பொழச்சு வந்தா ஒரு வருஷம் கவுச்சி தொட மாட்டேன்னு பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்."

கரண்டியை உடனே கீழே வைத்துவிட்டாள். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சாமி விசயமாச்சே" என்றாள். அடுக்கை மூடி, கறி வாசனை என் மேல் படக்கூடாது என்பதுபோல் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பாயசம் மட்டும் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டி போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தச் சர்க்கரையும் எனக்கு ஆகாது. இவர் குடித்தார்.

என் பொய்யை நான் மதித்ததைவிட அவள் அதிகமாக மதித்தாள்.

20.5.98, புதன்

தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. சத்துக் குறைவாம், இன்னொரு மாத்திரை.

ஆனால் திருநின்றவூருக்கு ரயிலில் போனபோது என் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் மூன்று பேர் சீட்டில் நானும் இன்னொருத்தியும்தான், மூன்றாவதாக வருகிறவள் என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வருவாள். படியில் ஏறும்போது முட்டி வலிக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும்தானே? ஜாக்கெட் எல்லாம் இரண்டாவது தடவை பிடித்தாகிவிட்டது. கையில் தோல் தொங்குகிறது. லைனில் ஒருத்தி "உள்ளுக்குள்ள ஏதாச்சும் பெரிய வியாதியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம், பெரிய வியாதிதான், பெயர் வாய்ப்பொய். சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். எதிரே என் கிண்ணத்தில் ரசம் விட்ட குழைந்த சோறு மூன்று ஸ்பூன். "நல்லா இருக்கு" என்கிறார். யாரிடம் சொல்கிறோம் என்பதுபோல் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

14.6.98, ஞாயிறு

பஞ்சவர்ணம் பேரனுக்குக் காதுகுத்து. எதிர் வரிசை வீடு, போகாமல் முடியாது. பந்தியில் உட்காராமலும் முடியாது. ஏற்கெனவே வியாதி என்று பேச்சு. இலையில் பிரியாணி, வறுவல், முட்டை எல்லாம் விழுந்தது. எல்லாவற்றையும் விரலால் அப்படி இப்படித் தள்ளிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பஞ்சவர்ணம் வந்து நின்று, "ஒரு வாய்கூட வைக்கலயே, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலயா?" என்றாள். முட்டை மட்டும் எனக்குச் சிக்காமல் இறங்கும். பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டு மென்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

நிமிர்ந்து பார்த்தால் எதிர்ப் பந்தியில் ஜுபைதா. ஹலாலாக அறுக்காத கறி அவர்களுக்கு ஆகாது என்பதால் அவளுக்கும் பெண் ஜரினாவுக்கும் தனியாகச் சாம்பார் சாதம். பிசைந்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுதல் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது. அடிப்பாவி, பொய் சொன்னவளுக்கு ஞாபகமில்லை, கேட்டவளுக்கு இருக்கிறது!

கை கழுவும் இடத்தில் கேட்பாள், திட்டுவாள், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நின்றேன். அவள் பின்பக்கமாகப் போய்விட்டாள்.

15.6.98

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

2.7.98, வியாழன்

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பதினைந்து நாள் தாண்டிவிட்டது. தண்ணீர் பிடிக்க அவள் வருகிற நேரமே மாறிவிட்டது.

முருங்கைக்கீரை ஒரு டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தேன். இன்று ஜரினா டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. எங்களுக்குள் பாத்திரம் என்றைக்கும் வெறுமையாகப் போனதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லமாவது போட்டுக் கொடுப்போம். "அம்மா எங்க ஜரினா?" என்றேன். "தூங்குது ஆன்ட்டி." அந்தப் பக்கம் அம்மி அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

26.7.98, ஞாயிறு

இவர் ஷேவ் செய்துகொண்டே சாதாரணமாகச் சொல்கிறார்: "கலீல் பூந்தமல்லிக்கே போறான். வீடு பார்த்து அட்வான்ஸும் குடுத்துட்டான்."

ஏன் என்றேன். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கலாம் என்று ஜுபைதாதான் பிடிவாதமாம். கலீல் பாய்க்கு இஷ்டமில்லையாம், பூந்தமல்லியிலிருந்து ஷிப்ட்டுக்கு வருவது கஷ்டம். அப்புறம் இவர் சோப்பு நுரையோடு திரும்பி, "லோகநாயகியே நம்ம வூட்ல கை நனைக்கலன்னா இந்த லைன்ல இனிமே யாரு நனைக்கப் போறாங்கன்னு அது அழுவுதாம்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? ஆபரேஷனச் சொல்லாதேன்னு நீதானே சத்தியம் வாங்கினே."

நான் வாங்கினேன். ஆமாம். நான்தான்.

மற்றவர்கள் வீட்டில் முட்டை இறங்குகிறது, ஜுபைதா வீட்டுச் சோறு இறங்கவில்லை. அவள் பார்த்தது அதைத்தான். குண்டு வெடித்த வருஷத்தில், அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிற லைனில், நானும் அப்படி ஆகிவிட்டேன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நீ கீறே, அது போதும் என்று சொன்னவள். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்... எத்தனை நாள் இருந்துச்சு எனக்கு, ஒரு வார்த்தை சொல்ல!

9.8.98, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டி இருந்தது. ஜுபைதா பீங்கான் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வா லோகா, குந்து" என்றாள், யாரோ வேற்றுப் பெண்ணிடம் சொல்கிற மாதிரி. நான் உட்காரவில்லை. கதவைச் சாத்தினேன். புடவையை விலக்கி வயிற்றைக் காட்டினேன். மார்புக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புள் வரை தழும்பு.

"எனக்குப் பித்தப்பைல கல்லே இல்லடி. வயித்தைச் சின்னதாக்கிட்டாங்க. சோறு எறங்காது, கறி எறங்காது, திரும்ப வந்துடும். முட்டை மட்டும்தான் ஒழுங்கா எறங்கும். வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெக்கத்துல பொய் சொன்னேன்."

பேப்பரைக் கீழே வைத்தாள். வந்து தழும்பின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே தடவினாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "அல்லா, இம்மாம் பெருசா அறுத்துகீறானே. ஆஸ்பத்திரிக்கு போறேன்னு எங்கைல ஒரு வார்த்த சொன்னா, நான் வந்து ஒங்கூட கெடந்திருக்க மாட்டனா?"

நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்டாள். "ஏன் எங்கைல சொல்லல? நான் போட்ட சோறுதான் ஒன்ன இப்டி ஆக்கிச்சின்னு நெனச்சே, அப்டித்தானே?"

இல்லை என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு நொடி தாமதித்துவிட்டேன். பதினாலு வருஷமாக என் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு உப்புப் போட்டவள் அவள். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

"பரவால்ல" என்றாள். மறுபடி தட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். "சாமான் பாதி போயிடுச்சு. அட்வான்சும் குடுத்தாச்சு. ஜரினாவுக்கும் அங்கதான் எடம் பாக்குறாங்கோ."

நானும் உட்கார்ந்து தட்டுகளைச் சுற்றிக் கொடுத்தேன்.

16.8.98, ஞாயிறு

போய்விட்டார்கள். வேன் திரும்பும் வரை கையாட்டினாள்.

5.11.98, வியாழன்

பக்கத்து வீட்டுக்குத் திருநெல்வேலிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். நல்ல மாதிரி. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க எப்பவுமே இப்படி ஒல்லிதானாக்கா?" என்று கேட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

டாக்டர் ரொம்பத் திருப்தி என்கிறார். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இந்த ஆபரேஷன் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு கேட்டது, செய்தேன். அதை மூடி வைத்தேனே, அதுதான்.

பூந்தமல்லிக்கு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்தான். இரண்டு தடவை ஸ்டாண்டு வரை போனேன். போய் அவள் இலை போட்டால் என்ன செய்வேன், போடாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

20.1.99, புதன்

ரம்ஜான். காலையிலிருந்து வாசல் பக்கமே வேலை வைத்துக்கொண்டேன். இவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

பதினோரு மணிக்குமேல் கலீல் பாய் ஸ்கூட்டரில் வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. பின்னால் ஒரு பெரிய டிபன் கேரியர் கட்டியிருந்தது. முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. கேரியர் பஞ்சவர்ணம் வீட்டுக்கு என்றார். ஒரு கவரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஜுபைதா குடுத்துச்சு தங்கச்சி." ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பொட்டலம் சர்க்கரை.

"ஏதாவது சொன்னாளா அண்ணே?"

"ஒடம்ப பாத்துக்க சொன்னுச்சு."

இன்னொரு கவரை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டு ரகுநாதன் சாரிடம் போனார். அவர்கள் ஆசாரம் பார்க்கிறவர்கள், முஸ்லிம் வீட்டில் சமைத்ததை வாங்க மாட்டார்கள். அதனால் பெருநாள் என்றால் ஜுபைதா அவர்களுக்கு மட்டும் பழமும் சர்க்கரையும் அனுப்புவாள். இரண்டு கவரும் ஒரே மாதிரி இருந்தன.

"உன் வயித்துக்கு ஒத்துக்கற மாதிரி பார்த்து அனுப்பியிருக்காங்க" என்றார் இவர். அப்படியும் இருக்கலாம்.

எதிர் வீட்டில் கேரியரைத் திறந்திருப்பார்கள், இங்கே வரை வாசனை வந்தது. நான் ஓர் ஆப்பிளை எடுத்துத் தோல் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி, கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மென்று மென்று கால் பழம் சாப்பிட்டேன். நெஞ்சில் சிக்கவில்லை, குமட்டவில்லை. ஒன்றுகூட வெளியே வரவில்லை.